முட்டுக் கொடுத்த ஷட்டர்

படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நகரியில் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் டிரிப் சீட்டில் கிலோமீட்டரும் ஒரு கையெழுத்தும்தான். எங்கே பெரிய ‘ற’ வரும், எங்கே சின்ன ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் சந்தேகம். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. என் வலது கை நடுவிரல் மடங்காது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு எழுதுவதால் ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழுகிறது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அம்மா, “தினம் அரைப் பக்கமாவது எழுதுங்கள், எதையாவது எழுதுங்கள்” என்றார்கள். எதையாவது எழுதுவதற்கு நடந்ததையே எழுதினால் வீட்டில் ஷட்டர் வைத்திருக்கிற நாலு பேருக்கு உபயோகப்படும் என்று நினைத்தேன்.

நான் சித்தூரில் சொந்தக் கார் ஓட்டுகிறேன். திருமலை, காளஹஸ்தி என்று கோயிலுக்குப் போகிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் தொழில். அதிகம் பேசமாட்டேன். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘சைலென்சர்’. என் மனைவி வசந்தா எட்டு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பெண்ணின் கல்யாணச் செலவுக்கென்று போனாள். கல்யாணம் முடிந்து பெண் சத்தியவேட்டில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறாள். பிறகு வீடு கட்டுவதற்கென்று அங்கேயே இருந்தாள். வீடும் கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு எதற்காக இருக்கிறாள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவளுடைய விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதெல்லாம் போனில் என்னைக் கேட்பாள், “இன்னா பண்ணட்டுங்க?” என்று. நான், “உன் இஷ்டம்” என்பேன். அவள், “சரி” என்பாள். மூன்று முறை இப்படி நடந்தது. மூன்று முறையும் போனை வைத்த பிறகு, ‘வந்துவிடு’ என்று சொல்லியிருக்கலாமே என்று காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

வீட்டோடு சேர்த்துக் கார் ஷெட் கட்டி, இரும்பு ஷட்டர் போட்டதும் அவள் யோசனைதான். போட்ட புதிதில் ஒரு கையால் தூக்கினாலே மேலே ஓடிப்போகும். போன மழைக்காலத்தில் ஒருநாள் மேலே உருளைக்குள் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அன்றிலிருந்து கனத்துப் போயிற்று. இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கினாலும் மேலே நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் ஒரு சவுக்குக் கட்டையை ஆள் உயரத்துக்கு வெட்டி அடியில் முட்டுக் கொடுத்துவிட்டேன்.

வசந்தாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள், “இங்க மேடம் வூட்டு ஷெட்டுக் கதவுக்குக் கண்ணு கீதுங்க. எறங்கும்போது பூனை குறுக்க போனாக்கூட நின்னு, திரும்ப மேல ஏறிக்கும். நம்புளுது குருட்டுக் கதவு. ஆளக் கூப்ட்டு ரிப்பேர் பண்ணுங்க, சும்மா கட்ட வெச்சிக்கினு இருக்காதீங்க.”

“பண்றேன்” என்றேன். பண்ணவில்லை. ஆளைக் கூப்பிட்டு, பேசி, பேரம் செய்வதெல்லாம் எங்கள் வீட்டில் எப்போதும் அவள் வேலை. அவள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்படி அவள் வருகைக்காக எங்கள் வீட்டில் நிறைய வேலைகள் காத்துக்கொண்டிருந்தன.

மார்கழி பிறந்த முதல் வாரம். டிரிப் இல்லாத நாள். காலை பதினொரு மணி இருக்கும். ஷட்டரைத் தூக்கிக் கட்டையை வைத்துவிட்டுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் பறைச் சத்தம் கேட்டது. எங்கள் தெரு சுடுகாட்டுக்குப் போகிற வழி. சாவு ஊர்வலம் வந்தால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள், வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். என் கார் மலைக்குப் போகிற வண்டி, அதன் முகத்துக்கு நேராகப் பிணம் போகக் கூடாது என்று நானும் பாதி இறக்குவேன். ஷட்டர் நன்றாக இருந்த காலத்தில் அது ஒரு நிமிஷ வேலை.

அன்றைக்கு ஊர்வலம் வேகமாக வந்துவிட்டது. பூ எறிகிறவர் பக்கத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நான் இடது கையால் ஷட்டரின் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலால் கட்டையைத் தட்டினேன். ஒரு கையால் பாரத்தைத் தாங்கிவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கட்டை நகர்ந்ததும் மொத்த ஷட்டரும் கீழே வந்தது. ஏதோ குழந்தை விழுவதைப் போல வலது கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தேன். அடிச்சட்டத்துக்கும் சிமெண்டுப் படிக்கும் நடுவில் மூன்று விரல்கள் மாட்டிக்கொண்டன.

வலி உடனே தெரியவில்லை. சத்தம்தான் தெரிந்தது. ஊர்வலத்தில் வந்த நாலு பேர்தான் பாடையை இறக்காமலே மற்றவர்களிடம் தோள் மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார்கள். அவர்கள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறந்தவர் யாரென்றும் தெரியாது.

வசந்தாவின் தம்பி முருகேசன் அடுத்த தெருவில் இருக்கிறான். வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். அவன் வந்து என் கையைத் துண்டில் சுற்றி, தெருவில் இருந்தவர்களை ஷட்டரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் காரை வெளியே எடுத்து, அதிலேயே சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டார்கள். எக்ஸ்ரேயில் என் நடுவிரல் உடைத்த வேர்க்கடலை ஓடு மாதிரி இருந்தது. “இங்கே இதைச் செய்ய முடியாது, உடனே திருப்பதி போங்கள், கையைத் தொங்கவிடாதீர்கள்” என்றார் டாக்டர்.

நான் கையை உயர்த்தி சீட்டின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் காரில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முருகேசன் மூன்றாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு வந்தான்.

“நாலு போடுடா” என்றேன்.

“மாமா, நீங்க ஒங்க கையப் பாருங்க. கியர நான் பாத்துக்கறேன்.”

“எஞ்சின் கத்துது.”

“அதாவது வாயத் தொறந்து கத்துதே. நீங்களும் கொஞ்சம் கத்துங்க, எனுக்கு தைரியமா இருக்கும். இப்படி ஊமையா ஒக்காந்துக்கினு வந்தா எனுக்குத்தான் பயமா கீது.”

திருப்பதி ஆஸ்பத்திரிக் கூடத்தில் பாதிப் பேர் மொட்டைத் தலையோடு இருந்தார்கள். மலை ஏறி இறங்கும்போது விழுந்தவர்கள், அவர்களோடு வந்தவர்கள். டோக்கன் கூப்பிடும்வரை முருகேசன் தன் தோளில் என் முழங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர், தெலுங்குக்காரர். என் விரல் நகத்தை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்தும்போது நகம் வெளுக்கும், விட்டால் சிவக்க வேண்டும். சிவந்தால் ரத்தம் ஓடுகிறது, விரல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். சுட்டுவிரல் உடனே சிவந்தது. நடுவிரல் யோசித்துவிட்டுச் சிவந்தது. மோதிரவிரல் வெளுத்தபடியே இருந்தது.

“பயபடொத்து அண்ணா” என்றார். பயப்படாதே என்கிறார். அப்படிச் சொன்னதும்தான் பயம் வந்தது. “ஏம் பனி சேஸ்தாவு?” என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். டிரைவர் என்றேன். அவர் காகிதத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன். முழு மயக்கம் கொடுக்கவில்லை. அக்குளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். அந்தக் கை என்னுடையதாக இல்லை. பக்கத்தில் யாரோ படுத்து அவருடைய கையை என் மேல் வைத்திருப்பது போல இருந்தது. எட்டு வருஷமாக என் பக்கத்தில் யாரும் படுத்ததில்லை. அதை நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நர்ஸம்மா வலிக்கிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உடைந்த எலும்புகளுக்குள் மெல்லிய கம்பிகளைச் செருகினார்கள். கம்பியின் முனை விரல் நுனிக்கு வெளியே தூண்டில் மாதிரி வளைந்து நிற்கும். விரலை மடக்குவது தசைநார், அதாவது நம் விரலுக்குள் ஓடும் கயிறு. சுட்டுவிரலில் அறுந்திருந்த கயிற்றைத் தைத்தார்கள். நடுவிரலில் கணுவே நொறுங்கிப்போனதால் அதை லேசாக வளைந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். மோதிரவிரலின் நுனியை நகத்தோடு எடுத்துவிட்டார்கள். செலவுக்கு அரசாங்கக் காப்பீடு இருந்தது. முருகேசன் ரேஷன் கார்டோடு கவுண்டர் கவுண்டராக அலைந்து அதை முடித்தான்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஏர்பேட்டிலிருந்து வந்த ஒரு விவசாயி, டிராக்டரிலிருந்து விழுந்து தொடை உடைந்தவர். அவர் மனைவி கோவிந்தம்மா தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். தினம் காலையில் காளஹஸ்தி விபூதிப் பொட்டலத்தை எடுத்து முதலில் அவருக்கு, பிறகு எனக்கு, பிறகு வார்டில் யார் யார் நெற்றியைக் காட்டுகிறார்களோ அவர்களுக்கெல்லாம் பூசிவிடுவார்கள். எனக்கு இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டியதும் அவர்கள்தான். வெட்கமாக இருந்தது. “இடது கையால துன்னுவியா? வாயத் தொற நைனா” என்று பெற்ற பிள்ளையை அதட்டுவது போல அதட்டினார்கள். அவர்களுக்கு என்னைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும்.

வசந்தாவிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. குவைத்தில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்ல மாட்டோம். அழுதால் கண்ணைத் துடைக்க அங்கே ஆள் இல்லை, நினைத்தால் கிளம்பி வரவும் முடியாது. அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்குத் தகப்பன் இறந்த செய்தியையே நாற்பது நாள் கழித்துத்தான் சொன்னார்கள். நான் டிரிப்பில் இருக்கிறேன், போன் ரிப்பேர் என்று முருகேசன் சொல்லி வைத்திருந்தான். சத்தியவேட்டிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன என் பெண்ணும் அம்மாவிடம் அதையே சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வசந்தா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அவள் எஜமானி தூங்குகிற நேரம் அது. இடது கையில் போனைப் பிடித்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

“இன்னாங்க, துன்னீங்களா?”

“துன்னேன்.”

“பின்னால பச்சத் துணி தெரியுது, எங்க கீறீங்க?”

“லாட்ஜு. பார்ட்டி தங்கிக்கினு கீறாங்க.”

“மேடம் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுன்றாங்க. விசா முடியப் போவுது. இன்னா சொல்லட்டும்?”

வாய்வரை வந்தது. ஆனால் கை என்ன ஆகும் என்று தெரியாது. கார் ஓட்ட முடியாமல் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு அவள் சம்பளம்தான். இந்த நிலைமையில் வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? “வெள்ளிக்கெழம சொல்றேன்” என்றேன். ‘உன் இஷ்டம்’ என்று சொல்லாமல் இருந்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஐந்தாம் நாள் மறுபடி கூப்பிட்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெத்தியில யாரு துன்னூறு வெச்சது?”

“நான்தான்.”

“நீங்க ஒத்த வெரல்ல கீத்து மாதிரி வெப்பீங்க. இது மூணு வெரலு. அதுவும் பொம்பள வெரலு. கையக் காட்டுங்க.”

போனை மடியில் சாய்த்துவிட்டு இடது கையைக் காட்டினேன்.

“இந்தக் கையா துன்னூறு வெக்கிது? அந்தக் கை.”

கட்டோடு தூக்கிக் காட்டினேன். அவள் அழவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது.

“ஷட்டரா?”

“உம்.”

“எத்தினி நாளாச்சு?”

“அஞ்சு நாளு.”

“அஞ்சு நாளா வேற ஒருத்தங்க கையால துன்னுக்கினு கீறீங்க. எனுக்கு ஒரு வார்த்த சொல்லல” என்றாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்றும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. வலி மாத்திரை போட்டால் கைவலி நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சுட்டுவிரல் பிழைத்துவிட்டது, நடுவிரல் மடங்காது, ஆனால் இருக்கும் என்றார். கார் ஓட்டுவதைப் பற்றி நான்தான் கேட்டேன். “மூன்று மாசம் பயிற்சி செய், அப்புறம் பார்க்கலாம்” என்றார். அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

முருகேசன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். “மாமா, இன்னைக்கு அக்கா கேக்கும்” என்றான்.

“தெரியும்.”

“இந்த வாட்டியும் ஒன் இஷ்டம்னு சொல்லி வெச்சீங்க, அக்கா அங்கயே ரேஷன் கார்டு வாங்கிடும்.”

“வேல இல்லாதவன் எப்படிடா கூப்பிடறது?”

“வேல இருந்தப்ப மட்டும் கூப்ட்டீங்களா?” என்றான். ஆரஞ்சுச் சுளையை என் வாயில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

சாயங்காலம் போன் வந்தது. பார்வையாளர் நேரம், வார்டு முழுக்க ஆட்கள். வெளியே எழுந்து போகவும் முடியாது, கை ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வசந்தாவின் கண் வீங்கியிருந்தது.

“மேடம் பக்கத்துலதான் நின்னுக்கினு கீறாங்க. சொல்லுங்க.”

“வந்துடு” என்றேன்.

“கேக்கல.”

“வந்துடு வசந்தா.” இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கோவிந்தம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவர் வீட்டுக்காரர்கூட உடைந்த தொடையோடு திரும்பப் பார்த்தார்.

“கை இப்படி ஆச்சுன்றதுனாலயா?”

“இல்ல. கை நல்லா இருந்தப்பவே கூப்ட்டிருக்கணும். மூணு வாட்டியும் கூப்ட்டிருக்கணும். கார் ஓட்ட முடியுமா, முடியாதான்னு தெரியாது. இருந்தாலும் வா.”

“எட்டு வருஷமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுங்களா?” என்றாள். “நான் வர்றது உங்களுக்குப் புடிக்கலன்னு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘உன் இஷ்டம்’ என்பது அவள் விருப்பத்தில் தலையிடக் கூடாது என்று நான் சொன்ன வார்த்தை. அதை அவள் அங்கே எட்டு வருஷம் இப்படிச் சுமந்திருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஷட்டர் இறங்கியே கிடந்தது. நானே போன் செய்து பாஷா பாயைக் கூப்பிட்டேன். சித்தூரில் இருபது வருஷமாக ஷட்டர் வேலை செய்கிறவர். கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“வெக்கப்படாதண்ணா. இந்த டவுன்ல பாதி வூட்டுக்குக் கட்டதான் ஸ்பிரிங்கு. ஷட்டர் கதவு இல்லண்ணா, தல மேல தொங்கிக்கினு கீற பாரம். அதத் தூக்கறது நீ இல்ல, உள்ள சுத்தி வெச்சிருக்கற ஸ்பிரிங்கு. அது ஒடஞ்சா மொத்த பாரமும் உன் கையில.”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாதம் ஒருமுறை ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போதே கனமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். லேசாக இருந்தால் ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் தள்ளி நின்று, கைப்பிடியில் இருக்கிற உங்கள் பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. தானாக இறங்கினால் அன்றைக்கே அதைத் தொடுவதை நிறுத்திவிட வேண்டும். முட்டுக் கொடுக்காதீர்கள். கைப்பிடியைத் தவிர வேறு எங்கேயும் பிடிக்காதீர்கள், தகடுகளின் இடுக்கில் விரலை வைக்காதீர்கள். விழுகிற ஷட்டரைப் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றப் பார்க்காதீர்கள், முறுக்கி வைத்த ஸ்பிரிங் அவிழ்ந்தால் ஆளையே அடித்துவிடும். மோட்டார் வைத்துவிட்டால் இதெல்லாம் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள், ஸ்பிரிங் போனால் மோட்டாராலும் தாங்க முடியாது என்கிறார் பாஷா பாய். தெருவில் யார் போனாலும், யார் சாவு போனாலும், அவசரத்தில் ஷட்டரைத் தொடாதீர்கள்.

கம்பிகளை எடுத்துவிட்டார்கள். ஈர ஸ்பாஞ்சைப் பிழிகிறேன், புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுகிறேன். நேற்று காரில் உட்கார்ந்து, கிளப்பாமல், கியரை மட்டும் மாற்றிப் பார்த்தேன். அதற்கு இடது கை போதும். ஸ்டியரிங்கை வலது கை இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை.

வசந்தாவின் விசா புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்து வேலை பழகும்வரை விடமாட்டோம் என்கிறார்களாம். முதலில் இரண்டு வாரம் என்றார்கள், பிறகு ஒரு மாதம் என்றார்கள். பாஸ்போர்ட் அவர்கள் அலமாரியில் இருக்கிறது. புது ஆள் வந்துவிட்டதாக நேற்று சொன்னாள். அந்தப் பெண் சமையலறையில் அழுதுகொண்டே இருக்கிறதாம், அதைத் தேற்றுவதே தனக்கு வேலையாக இருக்கிறதாம். டிக்கெட் எப்போது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் போனை வைப்பதற்கு முன்னால், “இன்னைக்கு இன்னும் சொல்லல நீங்க” என்பாள். தெருவில் ஆள் போனாலும் சரி, முருகேசன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினாலும் சரி, நான் ‘வந்துடு’ என்று சொல்லிவிடுவேன். இன்றைக்குக் கரண்ட் இல்லாமல் டவர் சரியாகக் கிடைக்கவில்லை. மாடிக்குப் போய், சத்தம் போட்டு மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் அவளுக்குக் கேட்டது. முதல் இரண்டு தடவையும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சித்தூர்,
மாசி மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை.